காண்டலீசா ரைஸின் நியமனத்தை செனட்டர் பார்பரா பாக்சர் எதிர்த்தது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறைச் செயலர் பதவிக்குக் காண்டலீசா ரைஸின் நியமனம் செனட்டின் முன் வந்தபோது, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் பார்பரா பாக்சர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பு வெல்லாது என்பது தொடங்கிய நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். வெல்லாத ஓர் எதிர்ப்பை இருபது ஆண்டுகள் கழித்தும் மக்கள் ஏன் நினைவுகூர்கிறார்கள் என்பதற்கு விடை, பாக்சர் எழுப்பிய கேள்விகளிலும் அவற்றுக்குக் கிடைத்த, கிடைக்காத பதில்களிலும் இருக்கிறது.

அமைச்சரை நியமிக்க அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு செனட்டின் ஒப்புதல் எதற்கு?

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் பிரிவு, உயர் அதிகாரிகளைக் குடியரசுத் தலைவர் செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிக்க வேண்டும் என்கிறது. அங்கே அமைச்சர்களுக்குச் செயலர் என்று பெயர். வெளியுறவுத் துறைச் செயலர் என்பவர் நம் வழக்கில் வெளியுறவு அமைச்சர். நாடாளுமன்ற முறையில் அமைச்சர் அவையிலேயே உட்கார்ந்திருப்பார். கேள்வி நேரத்தில் எழுந்து பதில் சொல்வார். அமெரிக்கச் செயலரோ எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர். ஆகவே பதவி ஏற்கும் முன் அவரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பதும், அதன்பின் வாக்களிப்பதும் செனட்டின் கையில் உள்ள மிகப் பெரிய பிடி. பதவி ஏற்ற பிறகும் குழுக்கள் அழைத்து விசாரிக்கலாம் என்றாலும், ‘இவருக்கு இந்தப் பதவியைத் தரலாமா’ என்று கேட்கும் வாய்ப்பு ஒரு முறைதான் வரும்.

ரைஸ் அதற்கு முன் நான்கு ஆண்டுகள் அரசில்தானே இருந்தார்? அப்போதே ஏன் கேட்கவில்லை?

இந்த விவகாரத்தின் ஆணிவேர் இந்தக் கேள்விதான். 2001 ஜனவரி முதல் ரைஸ் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தார். வெளியுறவு, பாதுகாப்பு, உளவு ஆகிய மூன்று துறைகளின் கருத்துகளையும் திரட்டிக் குடியரசுத் தலைவரின் மேசைக்குக் கொண்டுபோகும் பதவி அது. எனினும் அது வெள்ளை மாளிகையின் உள்பதவி. அதற்கு செனட்டின் ஒப்புதல் தேவையில்லை. அந்தப் பதவியில் இருப்பவர் குடியரசுத் தலைவருக்குத் தனிப்பட்ட முறையில் ஆலோசனை சொல்பவர் என்பதால், நாடாளுமன்றக் குழுக்களின் முன் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல அவரை அனுப்புவதில்லை என்பது வெள்ளை மாளிகை நெடுங்காலமாகப் பிடித்துவரும் நிலைப்பாடு.

செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் முன்கூட ரைஸ் வெளிப்படையாகச் சாட்சி சொல்ல வெள்ளை மாளிகை முதலில் மறுத்தது. நெருக்கடி முற்றிய பிறகே இறங்கிவந்து, 2004 ஏப்ரல் 8 அன்று அவரை அனுப்பியது. அமெரிக்காவுக்குள் தாக்குவதில் பின்லாடன் உறுதியாக இருக்கிறார் என்ற பொருள்படும் தலைப்போடு 2001 ஆகஸ்ட் 6 அன்று குடியரசுத் தலைவருக்கு ஓர் உளவுக் குறிப்பு தரப்பட்டிருந்ததை, அந்தத் தலைப்பு உட்பட, நாடறியச் சொன்னது அந்தச் சாட்சியத்தில்தான்.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். ஈராக் போருக்கான காரணங்களைத் தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் விளக்கியவர்களில் ரைஸ் முதன்மையானவர். ஊடகத்தின் முன் தாராளமாகப் பேசிய ஒருவர், மக்கள் பிரதிநிதிகளின் முன் பேச வேண்டிய கட்டாயம் இல்லாமலே நான்கு ஆண்டுகளைக் கடந்துவிட்டார். 2004 நவம்பரில், அப்போதைய வெளியுறவுத் துறைச் செயலர் காலின் பவலின் இடத்துக்கு அவரைப் புஷ் முன்மொழிந்ததும் அந்தக் கட்டாயம் முதல்முறையாக வந்தது.

பாக்சர் எந்த ஆதாரத்தை வைத்துக் கேட்டார்?

ரைஸின் வாய்ச்சொற்களையே வைத்துக் கேட்டார். 2005 ஜனவரி 18, 19 ஆகிய இரு நாள்களில் ரிச்சர்ட் லூகர் தலைமையிலான செனட் வெளியுறவுக் குழு ரைஸை விசாரித்தது. தேதி வாரியாகத் தொகுத்த ரைஸின் பழைய பேட்டிகளை அங்கே பாக்சர் வாசித்துக்காட்டினார். அவற்றில் இரண்டை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது, அலுமினியக் குழாய்கள். ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் 2001இல் ஜோர்டானில் பிடிபட்டன. அவற்றின் விட்டம் 81 மில்லிமீட்டர். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்கானவை அவை என்று சி.ஐ.ஏ. வாதிட்டது. மையவிலக்குக் கருவிகளைச் செய்து பழகிய வல்லுநர்களைக் கொண்ட எரிசக்தித் துறையோ, அவை சாதாரண ராணுவ ராக்கெட்டுகளுக்கே பொருந்தும் என்று கருதியது; ஈராக்கிடம் அதே 81 மில்லிமீட்டர் அளவில் ராக்கெட்டுகள் ஏற்கெனவே இருந்தன. வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் சி.ஐ.ஏ.வின் முடிவை ஏற்கவில்லை. இந்தக் கருத்து மோதல் அரசுக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே, 2002 செப்டம்பர் 8 அன்று தொலைக்காட்சியில் ரைஸ், அந்தக் குழாய்கள் அணு ஆயுதத் திட்டத்துக்கு மட்டுமே உண்மையில் பொருந்தக்கூடியவை என்றார். ‘துப்பாக்கிப் புகை’யை, அதாவது மறுக்க முடியாத சான்றை, தேடிக் காத்திருந்தால் அது அணுகுண்டின் காளான் மேகமாக வந்து நிற்கக்கூடும் என்ற, பிற்பாடு பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட எச்சரிக்கையும் அதே பேட்டியில் வந்ததுதான்.

இரண்டாவது, ‘அடுத்த ஆண்டு’ விவகாரம். போருக்குப் பிறகு, 2003 ஜூலை 30 அன்று, ஈராக்கின் அணு ஆயுதத் திட்டம் பற்றிய எச்சரிக்கையில் இன்னும் உறுதியாக இருக்கிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அடுத்த ஆண்டே ஈராக்கிடம் அணுகுண்டு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று ரைஸ் பதில் சொன்னார். பாக்சர் உடனே புஷ்ஷின் 2002 அக்டோபர் 7 சின்சினாட்டி உரையை எடுத்தார். ஓராண்டுக்குள் ஈராக்கிடம் அணு ஆயுதம் இருக்கக்கூடும் என்று குடியரசுத் தலைவரே அதில் சொல்லியிருந்தார். நியாயமாகச் சொன்னால், அந்த வாக்கியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: உயர்செறிவு யுரேனியம் போதிய அளவு கிடைத்தால் என்ற நிபந்தனை. ஆனாலும் ‘யாரும் சொல்லவில்லை’ என்பது சரியல்ல என்ற பாக்சரின் வாதம் அந்த நிபந்தனையால் அடிபட்டுப்போய்விடவில்லை.

இந்த விசாரணைக்கு ஆறு நாள்களுக்கு முன்புதான், ஜனவரி 12 அன்று, ஈராக்கில் பேரழிவு ஆயுதங்களைத் தேடும் பணி முடிந்துவிட்டதாக வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டிருந்தது. ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. 1,300க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் அதற்குள் ஈராக்கில் இறந்திருந்தார்கள்.

ரைஸ் என்ன பதில் சொன்னார்?

பாக்சரின் உரை ஒரு தீர்ப்போடு முடிந்திருந்தது. இந்தப் போரை மக்களிடம் விற்கும் பணி உங்களுக்குத் தரப்பட்டது, அந்தப் பணியின்மேல் நீங்கள் கொண்ட விசுவாசம் உண்மையின்மேல் உங்களுக்கு இருந்த மரியாதையை விஞ்சிவிட்டது என்பது என் தனிப்பட்ட கருத்து என்றார் அவர். எதற்காகவும் உண்மைக்கான மரியாதையைத் தான் இழந்ததே இல்லை என்று ரைஸ் மறுத்தார்; எந்த வகையில் வேண்டுமானாலும் விவாதிப்போம், என் நேர்மையைக் களங்கப்படுத்துவதைத் தவிருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அன்றைய செய்திகளில் பெரிதாக வந்தது இந்த உரசல்தான்.

என் பார்வையில், பாக்சர் செய்த தவறும் அங்கேதான் இருக்கிறது. குழாயைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால், ரைஸ் குழாயைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். எரிசக்தித் துறையின் மாற்றுக்கருத்து உங்களுக்கு எப்போது தெரியும், தெரிந்தும் ‘மட்டுமே’ என்ற சொல்லை ஏன் பயன்படுத்தினீர்கள் என்ற இரண்டு கேள்விகளிலிருந்து நழுவுவது எளிதன்று. சில மாதங்களுக்கு முன், 2004 அக்டோபரில், அப்படி ஒரு சர்ச்சை இருந்தது தெரியும், அதன் தன்மை சரியாகத் தெரியாது என்று ரைஸே சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். நோக்கத்தைக் குறைசொன்னதும் பேச்சு குழாயிலிருந்து மானத்துக்குத் தாவிவிட்டது. மானத்தைப் பற்றிப் பேசுவது, பதில் சொல்ல வேண்டியவருக்கு எப்போதுமே வசதியான இடம்.

இன்னொரு சறுக்கலும் உண்டு. சதாம் ஹுசேனின் கொடுமைகள், அண்டை நாடுகளுக்கு அவரால் இருந்த ஆபத்து என்று பேரழிவு ஆயுதங்களுக்கு அப்பாலும் காரணங்கள் இருந்ததாக ரைஸ் சொன்னபோது, நாங்கள் வாக்களித்த தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள், அதில் இருந்தது பேரழிவு ஆயுதம் மட்டுமே என்று பாக்சர் மடக்கினார். 2002 அக்டோபர் தீர்மானத்தைப் படிப்பவர்களுக்கு அது சரியல்ல என்பது தெரியும். ஐ.நா. தீர்மானங்களை மீறியது, சொந்த மக்களை ஒடுக்கியது, பயங்கரவாதிகளுக்கு இடம் கொடுத்தது எனப் பல காரணங்களை அதன் முகவுரை அடுக்குகிறது. மேடைகளில் முன்னே நிறுத்தப்பட்டது ஆயுதம்தான் என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும், ரைஸையும் மடக்கியிருக்கும்.

யுரேனியம் பற்றிய ‘பதினாறு சொற்கள்’ என்றால் என்ன? அதில் ரைஸுக்குப் பங்கு உண்டா?

2003 ஜனவரி 28 அன்று நாட்டு நிலை குறித்த உரையில், ஆப்பிரிக்காவிலிருந்து சதாம் ஹுசேன் யுரேனியம் வாங்க முயன்றதாகப் பிரிட்டிஷ் அரசு அறிந்துள்ளது என்று புஷ் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் பதினாறு சொற்கள். அது உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று அதே ஆண்டு ஜூலையில் வெள்ளை மாளிகையே ஒப்புக்கொண்டது.

பொறுப்பு எப்படிக் கைமாறியது என்பதைக் கவனித்தால், பாக்சர் முதலானோரின் கோபம் விளங்கும். முதலில் சி.ஐ.ஏ. இயக்குநர் ஜார்ஜ் டெனட் பழியை ஏற்றார். பதினொரு நாள் கழித்து ரைஸின் துணை அதிகாரி ஸ்டீவன் ஹேட்லி, இந்தத் தகவலை நம்ப வேண்டாம் என்று எச்சரிக்கும் குறிப்புகளை முந்தைய அக்டோபரிலேயே சி.ஐ.ஏ. தனக்கு அனுப்பியிருந்ததாகவும், உரையைச் சரிபார்க்கும்போது அவை தன் நினைவுக்கு வரவில்லை என்றும் சொன்னார். அவற்றுள் ஒன்று ரைஸின் பெயருக்கும் வந்திருந்தது. அதற்கும் பின்னர்தான், ஜூலை இறுதியில், தனக்கும் பொறுப்பு உண்டு என்று ரைஸ் சொன்னார். யாருடைய பதவியும் இதனால் போகவில்லை. டெனட் 2004இல் தானாக விலகினார். அந்த ஆண்டு டிசம்பரில் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தைப் புஷ் அணிவித்தார். ரைஸுக்குப் பதவி உயர்வு. எதிர்த்து வாக்களித்த செனட்டர்கள் பொறுப்புக்கூறல் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதன் பின்னணி இது.

போரை எதிர்த்தவர்கள்தாம் ரைஸையும் எதிர்த்தார்களா?

இல்லை. ஈராக் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் 2002 அக்டோபரில் செனட்டில் 77க்கு 23 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த அந்த 23 பேரில் 21 பேர் 2005 ஜனவரியிலும் செனட்டில் இருந்தார்கள். அவர்களில் 9 பேர்தான் ரைஸுக்கு எதிராக வாக்களித்தார்கள். போரைக் கடுமையாக எதிர்த்த விஸ்கான்சின் செனட்டர் ரஸ் ஃபைன்கோல்ட் ரைஸை ஆதரித்தார். குடியரசுத் தலைவர் தம் அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்குப் பெருமளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் வெகுகாலமாகப் பின்பற்றிய கொள்கை.

மறுபுறம், போருக்கு ஆதரவாக வாக்களித்த மூவர் ரைஸை எதிர்த்தார்கள்: ஜான் கெர்ரி, டாம் ஹார்கின், எவன் பை. 2004 தேர்தலில் புஷ்ஷிடம் தோற்றுத் திரும்பியிருந்த கெர்ரியின் வாக்கை அரசியல் கணக்கு என்று யாரும் சொல்லிவிடலாம். இண்டியானாவின் எவன் பை விஷயம் வேறு. மிதவாதி, போரின் ஆதரவாளர். போரை நடத்திய விதத்தில் நேர்ந்த தவறுகளுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும், அதைச் செய்தவர்களுக்கே கூடுதல் பொறுப்பைக் கொடுப்பது சரியாகாது என்பது அவர் வாதம். ‘போர் வேண்டுமா வேண்டாமா’ என்ற கேள்வியையும் ‘சொன்னதற்கும் செய்ததற்கும் கணக்குக் காட்டினாரா’ என்ற கேள்வியையும் தனித்தனியே பிரித்துப் பார்த்த வாக்கு அது. அந்த வகையில் பதின்மூன்று எதிர்ப்பு வாக்குகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது பாக்சருடையது அன்று, பையுடையது.

குழுவிலும் அவையிலும் வாக்குகள் எப்படி விழுந்தன?

ஜனவரி 19 அன்று வெளியுறவுக் குழு 16க்கு 2 என்று ஒப்புதல் தந்தது. எதிர்த்த இருவர் பாக்சரும் கெர்ரியும். ஜனவரி 26 அன்று முழு செனட் 85க்கு 13 என்று ஒப்புதல் தந்தது. எதிர்த்தவர்களில் 12 பேர் ஜனநாயகக் கட்சியினர், ஒருவர் வெர்மான்ட்டின் சுயேச்சை உறுப்பினர் ஜிம் ஜெஃபர்ட்ஸ். பாக்சரின் சொந்த மாநிலத்து சக செனட்டர் டயேன் ஃபைன்ஸ்டைன், அதே கட்சிக்காரர், ரைஸைக் குழுவின் முன் அறிமுகம் செய்துவைத்துப் புகழ்ந்து பேசினார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உயர் பொறுப்பு வகித்த ரைஸ் கலிஃபோர்னியாவுக்கும் சொந்தக்காரர் அல்லவா. ஹில்லரி கிளின்டன் ஆதரித்தார். செனட்டுக்குப் புதிதாக வந்து வெளியுறவுக் குழுவில் இடம்பெற்றிருந்த பராக் ஒபாமாவும் ஆதரித்தார்.

குழுவில் ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினராக இருந்த ஜோசஃப் பைடனும் ஆதரவு வாக்கே போட்டார். ஆனால் விசாரணையில் அவர் சும்மா இருக்கவில்லை. பயிற்சி பெற்ற ஈராக்கியப் படையினர் எத்தனை பேர் என்று கேட்டார். சுமார் 1,20,000 என்றார் ரைஸ். உண்மையில் சண்டைக்குத் தயாராக இருப்பவர்கள் 4,000 பேரளவில்தான் என்று பைடன் சொன்னார். இவ்வளவு பெரிய இடைவெளியைச் சுட்டிக்காட்டிவிட்டு ‘ஆம்’ என்று வாக்களிப்பது எப்படி என்று வாசகர் வியக்கலாம். செனட்டின் வழக்கம் அது: கேள்வியில் கடுமை, வாக்கில் தாராளம்.

பதவியேற்பு நாளிலேயே ஒப்புதல் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டதாமே? தாமதம் ஏன்?

ஜனவரி 20 அன்று புஷ் இரண்டாம் முறை பதவியேற்றார். 2001இல் காலின் பவலுக்கு நடந்ததுபோல அன்றே குரல் வாக்கெடுப்பில் ரைஸையும் உறுதிசெய்துவிடலாம் என்று புஷ்ஷின் குடியரசுக் கட்சியினர் நினைத்தார்கள். வேளாண்மை, கல்வி ஆகிய துறைகளின் செயலர்களுக்கு அன்றே அப்படி ஒப்புதல் கிடைத்தது. ஆனால் விவாதமில்லாமல் அவசரமாக முடிக்க எல்லா உறுப்பினர்களும் இசைய வேண்டும். பாக்சர், ஜனநாயகக் கட்சியின் ராபர்ட் பேர்ட் போன்ற செனட்டர்கள் விவாதம் வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் ஒன்பது மணி நேரம் ஒதுக்கப்பட்டது. முட்டுக்கட்டை போட்டு நியமனத்தையே முடக்கும் முயற்சி அன்று இது. ஒன்பது மணி நேரம் பேசிவிட்டு வாக்களித்தார்கள், அவ்வளவுதான்.

அந்த விவாதத்தில் குறிப்பிடத்தக்க உரைகள் எவை?

மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்டுக்கு அப்போது 87 வயது. 1959 முதல் செனட்டில் இருந்தவர், சட்டைப்பையில் அரசமைப்புப் பிரதியோடு திரிபவர். ரைஸின் கல்வியையும் திறமையையும் அவர் குறைசொல்லவில்லை. அரசமைப்பு செனட்டிடம் ஒப்படைத்த கடமையை, ‘குடியரசுத் தலைவர் விரும்புகிறார்’ என்ற ஒரே காரணத்துக்காக முத்திரை குத்தும் வேலையாகச் சுருக்கிவிடக் கூடாது என்பதும், நாட்டை முடிவில்லாத போருக்கு இட்டுச்சென்ற கொள்கையை வகுத்தவர்களுக்கு மேலும் உயர்ந்த பொறுப்பைத் தரத் தன்னால் முடியாது என்பதும் அவர் உரையின் சாரம்.

மினசோட்டாவின் மார்க் டேட்டன் நேரடியாகவே பேசினார். ஒருவருடைய நேர்மையைச் சந்தேகிப்பது தனக்குப் பிடிக்காது, ஆனால் தன்னிடம் திரும்பத் திரும்பப் பொய் சொல்லப்படுவது அதைவிடப் பிடிக்காது என்ற பொருளில் அவர் சொன்னது குடியரசுக் கட்சியினரைக் கொதிக்க வைத்தது. தேர்தல் தோல்வியின் கசப்பு இன்னும் ஆறவில்லை என்பதைத் தவிர இந்த எதிர்ப்புக்கு வேறு காரணம் தெரியவில்லை என்று ஜான் மெக்கெய்ன் பதிலடி கொடுத்தார்.

கறுப்பினப் பெண் என்பதால்தான் எதிர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததா?

எழுந்தது. வெளியுறவுத் துறைச் செயலர் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் ரைஸ். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் 1954இல் பிறந்து வளர்ந்தவர். அவரை எதிர்த்தவர்களில் பேர்ட் இளமையில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பில் இருந்தவர், இனப்பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தைத் தடுக்க மணிக்கணக்கில் பேசியவர். தம் பழைய செயல்களுக்காகப் பேர்ட் பலமுறை வருத்தம் தெரிவித்திருந்தார் என்றாலும், அவர் எழுந்து ரைஸை எதிர்த்தபோது அந்தப் பழங்கதை கிளறப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அலுமினியக் குழாய் பற்றிய கேள்வி, கேட்பவர் யார் என்பதாலோ கேட்கப்படுபவர் யார் என்பதாலோ மாறிவிடாது. அதே ரைஸ் குறித்துத்தான் எவன் பையும் பேசினார்; அவரிடம் கிளற அப்படி ஒரு பழங்கதை இல்லை.

சித்திரவதை குறித்தும் கேட்கப்பட்டதா?

கேட்கப்பட்டது. தண்ணீரில் மூச்சுத் திணறடிப்பது போன்ற விசாரணை முறைகள் சித்திரவதை ஆகுமா என்று கனெடிகட் செனட்டர் கிறிஸ் டாட் கேட்டார். குறிப்பிட்ட முறைகளைப் பற்றிப் பேச ரைஸ் மறுத்துவிட்டார். டாட் அதிருப்தியோடு ஆதரவு வாக்களித்தார். இதே கேள்வி அந்த வாரங்களில் இன்னும் கூர்மையாக அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஆல்பர்ட்டோ கான்சாலஸை நோக்கிப் பாய்ந்தது. அவர் 60க்கு 36 என்ற கணக்கில்தான் தப்பினார்.

பதின்மூன்று எதிர்ப்பு வாக்குகள் பெரிய எண்ணிக்கையா?

அந்தப் பதவிக்கு, அன்றைய நிலையில், ஆம். 1825இல் ஹென்றி கிளே 27க்கு 14 என்று உறுதிசெய்யப்பட்ட பிறகு, வெளியுறவுத் துறைச் செயலர் ஒருவருக்கு எதிராக இத்தனை வாக்குகள் விழுந்ததில்லை. வியட்நாம் போர்க் காலத்தின் ஹென்றி கிசிஞ்சருக்குக்கூட 1973இல் எதிர்ப்பு 7 வாக்குகள்தான். 1997இல் மேடலின் ஆல்பிரைட்டுக்கு எதிர்ப்பே இல்லை, 99க்கு 0.

பின்னால் நிலைமை மாறிவிட்டது. 2017இல் ரெக்ஸ் டில்லர்சனுக்கு எதிராக 43 வாக்குகள், 2018இல் மைக் பாம்பியோவுக்கு எதிராக 42. இன்றைய கண்ணால் பார்த்தால் 13 என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் இன்று பல நியமனங்களில் கட்சி வரிசைப்படி வாக்கு விழுகிறது. எதிர்ப்பவர் என்ன காரணம் சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. 2005இல் பதின்மூன்று பேரும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

அமைச்சரவை நியமனத்தை செனட் தோற்கடித்தது உண்டா?

மிக அரிது. வரலாறு முழுவதிலும் அவை வாக்கெடுப்பில் தோற்ற நியமனங்கள் ஒன்பதுதான். கடைசியாகத் தோற்றவர் 1989இல் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழியப்பட்ட ஜான் டவர், 47க்கு 53. தேறாது என்று தெரிந்தால் வாக்கெடுப்புக்கு முன்பே பெயரை விலக்கிக்கொள்வதுதான் வழக்கம்.

குடியரசுக் கட்சியினர் இதே வகை எதிர்ப்பைப் பின்னர் கையாண்டார்களா?

கையாண்டார்கள், அதுவும் இன்னொரு ரைஸுக்கு எதிராக. பெயர் ஒற்றுமையால் இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, உறவினர்கள் அல்லர். 2012 செப்டம்பரில் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கொல்லப்பட்ட சில நாள்களில், ஐ.நா.வுக்கான தூதர் சூசன் ரைஸ் ஒரே ஞாயிறன்று ஐந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றி, அது ஒரு வீடியோவுக்கு எதிரான போராட்டத்திலிருந்து கிளம்பியது என்று அப்போதைய உளவுத் தகவலின்படி சொன்னார். அது தவறு என்று தெரிந்தபோது, அவரை வெளியுறவுத் துறைச் செயலராக ஒபாமா முன்மொழிந்தால் தடுப்போம் என்று நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் ஜான் மெக்கெய்ன். 2005இல் தொலைக்காட்சியில் சொன்ன தவறான தகவலுக்குப் பொறுப்பு கேட்டவர்களைத் தேர்தல் கசப்பு என்று சொன்ன அதே மெக்கெய்ன். டிசம்பர் 13 அன்று சூசன் ரைஸ் பரிசீலனையிலிருந்து விலகிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஒபாமா அவருக்கு வேறு பதவி கொடுத்தார்: செனட்டின் ஒப்புதல் தேவைப்படாத தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி.

காண்டலீசா ரைஸ் காலி செய்த அந்தப் பதவிக்கு 2005இல் யார் வந்தார்?

ஜனவரி 26 மாலையே ரைஸ் வெள்ளை மாளிகையில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு வெளியுறவுத் துறைக்குச் சென்றார். அவர் எழுந்த நாற்காலியில், சி.ஐ.ஏ.வின் எச்சரிக்கைக் குறிப்புகளை மறந்துவிட்டதாகச் சொன்ன அவருடைய துணை அதிகாரி ஸ்டீவன் ஹேட்லி உட்கார்ந்தார். அவரை எந்தக் குழுவும் அழைத்து விசாரிக்கவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை.